ஏட்டம்மா நின்ற வாசல்கள்

மேலகரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் யார் வீட்டு வாசலிலும் குப்பை கிடக்காது. சாக்கடை மூடி திறந்திருக்காது. பைக்கைக் குறுக்கே நிறுத்தும் தைரியம் யாருக்கும் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "பரவாயில்லையே, பேரூராட்சி நல்லா வேலை பாக்குதே" என்பார்கள். பேரூராட்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் ஏட்டம்மாவுக்குப் பயந்துதான்.

அவர் எனக்கு அடுத்த வீடு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, கரண்டு அட்டையில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கே ஏட்டம்மா. எனக்கு மட்டும் அத்தை. உறவு ஒன்றும் இல்லை. குடிவந்த முதல் நாள், "என்னை எப்படிக் கூப்பிடப் போற?" என்று அவர் கேட்ட தோரணையில் வாயில் வந்த சொல் அது.

என் கணவர் ராணுவத்தில் இருந்தார். நான் ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையைத் தெருவைப் பார்த்த ஜன்னலருகே போட்டிருந்ததால், காலையில் ஏட்டம்மா பால் வாங்கப் போவதை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. நெட்டையான உடம்பு. கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் மடிப்புக் கலையாமல் ஊக்கு. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். கையை வீசிக்கொண்டு, தெருவின் நடுவில்தான் நடப்பார். எதிரே வரும் ஆட்டோ ஒதுங்கிப் போகும்.

சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சர்வீஸில் பல வருஷம் குற்றாலத்தில் சீசன் டூட்டி. பெண்கள் குளிக்கும் பக்கம் நின்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டே இருக்கிற வேலை. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தால்கூட, "எதுக்குட்டி நட்டுவச்ச மாதிரி நிக்க? உள்ள போயி உக்காந்து பேசு, இல்லன்னா நடந்துக்கிட்டே பேசு" என்பார். கேபிள்காரப் பையன்கள் அவர் தலை தெரிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவர் தெருவில் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் அதை நிற்பதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தெருக்கோடியில், தென்காசி ரோடு திரும்புகிற இடத்தில், அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். சோடா பாட்டில் கிரேடுகளைச் சாக்கடை மேல் அடுக்கிவைப்பது அவர் வழக்கம். ஏட்டம்மா ஒருநாள் அங்கே நின்று பிடிபிடியென்று பிடித்தார். மறுநாளும் நின்றார். கிரேடுகள் உள்ளே போய்விட்டன. அப்புறமும் நின்றார். வாழைத்தார் தொங்கும் கயிறு சரியில்லை என்றார். தராசைத் துடைக்கவில்லை என்றார். "ரிட்டையர் ஆனதுலேர்ந்து ஏட்டம்மாவுக்குப் பொழுது போகல, நம்ம உசிர வாங்குதாவ" என்று அண்ணாச்சி என்னிடம் அங்கலாய்த்தார்.

சில மாதங்கள் கழித்து, கடைக்குப் போய்ச் சேரும் முன்பே, பச்சை கேட் வீட்டில் நின்றார். அங்கே வாசலில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறதென்று சத்தம். அப்புறம் அதற்கும் இந்தப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் செருப்புகள் சிதறிக் கிடக்கும் வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் செருப்பை வரிசையாக அடுக்கக் கற்றுக்கொண்டார்கள். தெரு நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டே வந்தது. ஏட்டம்மா திட்டும் வீடு அவருடைய வீட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. ஜன்னலில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே இது உறைக்க நாளாயிற்று.

ஒருநாள் காலையில் அவர் என் கேட்டருகே நின்றார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். நான் வாசலைப் பெருக்கி, கோலம் போட்டு, கேட்டைக்கூட ஈரத்துணியால் துடைத்திருந்தேன். ஏட்டம்மா மேலும் கீழும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த முருங்கை என்ன இப்படிக் கண்டபடி வளந்து கெடக்கு? மேலே ஒடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்லுதது? வெட்டி விடுததுக்கு ஆளா இல்ல?" என்றார்.

"அது உங்க வீட்டு முருங்கை, அத்தை."

அவர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். கிளை அவர் வீட்டு மதிலைத் தாண்டித்தான் வந்திருந்தது. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். கேட்டுக் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். மேலுதட்டில் வியர்வை. வலது குதிகால் தரையில் படவில்லை.

"காலு வலிக்கா, அத்தை?"

"எவ சொன்னா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து, முந்தானையை உதறிவிட்டு, நடந்துபோனார். நிமிர்ந்துதான் போனார்.

அதன் பிறகு பால் வாங்கப் போவது நின்றது. பால்காரர் வீட்டுக்கே வந்து போட்டார். கேட்டால், "கடைப்பாலு தண்ணி" என்று பதில். நான் ஒரு மத்தியானம் அவர் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே கட்டில், தலையணை, போர்வை எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. கட்டிலில் படுத்துப் பல நாளாயிற்று என்று தெரிந்தது. வலது காலைக் கீழே தொங்கப் போட்டிருந்தார். எப்போதும் போட்டிருக்கும் சாக்ஸ் கழன்று தரையில் கிடந்தது. இரண்டாவது விரல் வாடிய நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

சட்டியை வைத்த சத்தத்தில் கண் விழித்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"செருப்பு கடிச்சது. ஆறிரும். படுத்தாத்தான் தீயில வச்ச மாதிரி எரியுது, தொங்கப் போட்டா சரியாயிருது. எவகிட்டயும் சொல்லாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் திட்டுவார் என்பதால் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"உங்க ஸ்டேஷன்ல ஒருத்தன் இந்த மாதிரி ஒண்ண மறைச்சா என்ன செய்வீங்க?"

"தூக்கி உள்ள வைப்பேன்."

"அப்ப எந்திரிங்க. கார் சொல்லுதேன்."

என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. திட்ட வாயெடுத்தவர், சாக்ஸை எட்டி எடுக்கப் போனார். குனிய முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனோம். ரத்தக்குழாய் டாக்டர் சின்ன வயசுக்காரர். கையில் கட்டி பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்துக் கணுக்காலில் கட்டினார். ஒரு சின்னக் கருவியைப் பாதத்தில் வைத்து அழுத்தினார். இடது காலில் அது குப்குப்பென்று சத்தம் போட்டது. வலது காலில் வெறும் இரைச்சல்தான் வந்தது.

"நடந்தா கெண்டைக்கால்ல பிடிக்குமா? நின்னா விட்டுருமா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு சீசனா."

டாக்டருக்குப் புரியவில்லை. குற்றால சீசன், அதாவது ரெண்டு வருஷம் என்று நான் விளக்கிச் சொன்னேன். சர்க்கரை பல வருஷமாக இருப்பதால் தொடை வழியாகப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, நெஞ்சில் வருவது போலவே காலிலும் வரும் என்று டாக்டர் சொன்னார். "இது பீடி சிகரெட்டு குடிக்கவனுக்கு வரதுல்லா?" என்று ஏட்டம்மா கேட்டார். அநியாயமாகக் கேஸ் போட்டுவிட்டார்கள் என்கிற குரல். சர்க்கரையே போதும் என்றார் டாக்டர். குழாய்க்குள் பலூன் விட்டு விரித்து ஸ்டென்ட் வைக்க வேண்டும், கறுத்த விரலை எடுத்தாக வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏட்டம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நடப்பேனா?"

"நடக்கணும்மா. அதுக்கப்புறம் அதான் மருந்தே. அடைப்ப எடுத்தாலும் கொஞ்ச நாளைக்கு வலி வரும், அது வர்ற வரைக்கும் நடங்க. வலி வந்தா நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க. தினமும்."

"நிக்கணுமா?"

"நிக்கணும்."

"எங்கன நிக்க?"

"எங்க வேணாலும். தெருவில, ரோட்டில…"

ஏட்டம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரலை எடுக்க வேண்டும் என்றபோதுகூடத் திரும்பாதவர்.

மஸ்கட்டில் வேலை பார்த்த ஏட்டம்மாவின் மகன் வந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஸ்டென்ட் வைத்த மறுநாள் நான் பார்க்கப் போனபோது, மகன் மருந்து வாங்க வெளியே போயிருந்தான். ஏட்டம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி, காலத் தொட்டுப் பாரு."

"எதுக்கு அத்தை?"

"தொடுன்னா தொடு."

பாதத்தின் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"சுடுதுல்லா?" என்றார். "எத்தனை நாளா பொணத்துக் காலு மாதிரி கெடந்துச்சு தெரியுமா? சாக்ஸப் போட்டுப் போட்டுப் பாப்பேன், சூடு ஏறாது. யார்ட்டச் சொல்ல?" கண்ணோரம் நனைந்திருந்தது. "கைய எடுத்துராத. செத்த நேரம் இருக்கட்டும்."

மகன் திரும்பி வரும்வரை கையை எடுக்கவில்லை.

லீவு முடிந்து மகன் போன பிறகு விரல் எடுத்த புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலை என்னுடையதாயிற்று. கட்டு போடும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, என் கணவர் எப்போது வருகிறார், சிலிண்டர் வந்ததா என்று விசாரிப்பார். புண் மெல்ல மெல்ல ஆறியது. ஆனால் ஏட்டம்மா வெளியே வரவில்லை. அடுக்களைக்கும் கொல்லைக்குமாக வீட்டுக்குள்ளேயே நடந்தார். அதுதான் நடை என்றார். தெருவில் மறுபடி செருப்புகள் சிதறின. ஒருநாள் என் கேட்டை மறித்து எவனோ பைக்கை நிறுத்திவிட்டுப் போனான். நான் ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகிவிட்டார். "எப்படிம்மா இருக்கீங்க?"

"காலு நல்லாருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"அதான் சொல்லுதேனே. காலு நல்லாருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காரில் திரும்பும்போது ஆலங்குளம் தாண்டியது. ஏட்டம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நின்னு போனா, ஐயோ பாவம்னு பாப்பாளுவட்டி. இத்தன நாளும் எனக்கு முன்னால ஒருத்தியும் வாயத் தொறந்ததில்ல. இனி அவளுவ நாற்காலியத் தூக்கிட்டு வருவாளுவ. அதுக்கு இந்தக் காலு அந்த ஆஸ்பத்திரியிலயே போயிருக்கலாம்."

நான் டாக்டர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய சமயம், தெருக்கோடியில் ஒரு புது வீட்டுக்கு ஜல்லி இறக்கினார்கள். லாரிக்காரன் சாக்கடை வாய்க்காலை மூடித் தெருவின் பாதிவரை கொட்டிவிட்டுப் போய்விட்டான். காண்ட்ராக்டரிடம் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்றான். தண்ணீர் போக வழியில்லாமல் பச்சை கேட் வீட்டுக்குள் ஏறியது. மளிகைக்கடை அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நேராக ஏட்டம்மா வீட்டுக்கு வந்தார். நான் அப்போது உள்ளே கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டம்மா, காண்ட்ராக்டர் வந்து நிக்கான். நாங்க சொன்னா மதிக்க மாட்டேங்கான். நீங்க வந்து ஒரு சத்தம் குடுங்க."

ஏட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னல, வீட்டுக்குள்ளயே கெடக்கா, பாவம், வெளிய கூட்டிட்டுப் போவோம்னு வந்தியா?"

"பாவமா?" அண்ணாச்சி குரல் உயர்ந்துவிட்டது. "சோடா கிரேடுக்கு நீங்க என்னப் படுத்துன பாட்டுக்கு நான் எதுக்கு உங்களப் பாவம் பாக்கணும்? கடைக்குள்ள தண்ணி வருது, அரிசி மூட்டை நனையப் போவுது. வருதியளா, இல்லையா?"

ஏட்டம்மா சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். சேலையைச் சரிசெய்தார். டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்கிய பெரிய செருப்பு அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டார்.

சாரலில் மூன்று பேரும் போனோம். செருப்பு அடுக்கும் வீட்டை நெருங்கும்போதே அவர் நடை தளர்ந்தது. கண் அந்த வாசலைத் தேடியது. பழைய வழக்கப்படி அங்கே எதையாவது பார்த்துத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் கதவைத் திறந்து அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். ஏட்டம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

"காலு வலிக்குது," என்றார். "செத்த நிக்கேன்."

அவ்வளவுதான். அண்ணாச்சி நின்றார். குடையை ஏட்டம்மா பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த பெண், "ஏட்டம்மா, என் தங்கச்சி போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறா, ஓட்டத்துல எவ்வளவு நேரம் குடுப்பாங்க?" என்று கேட்டாள். ஏட்டம்மா நின்றுகொண்டே அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். சொல்லி முடிக்கும்போது வலி விட்டுவிட்டது. போனோம். காண்ட்ராக்டர் அன்றைக்குப் பட்டபாட்டை நான் எழுத வேண்டியதில்லை. இருட்டுவதற்குள் வாய்க்கால் திறந்தது.

மறுநாள் காலையிலிருந்து பால் வாங்க நடந்தார். வலி வந்த வாசலில் நின்றார். அந்த வீட்டில் யார் இருந்தாலும் வந்து பேசினார்கள். எவளுக்கு மாமியாரோடு சண்டை, எவன் துபாய்க்கு விசா எடுக்கிறான் என்று வருஷக்கணக்காக அதே தெருவில் இருந்தும் தெரியாமல் இருந்ததெல்லாம் அவருக்குத் தெரியவந்தது. ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்தான். "எடுத்து உள்ள வை. டாக்டர் என்ன நிக்கத்தான் சொல்லியிருக்காரு" என்றார், அதட்டல் கொஞ்சமும் குறையாமல். போகப்போக ஒவ்வொரு வீடாகத் தாண்டி, கடைவரை நிற்காமல் போகிற நாளும் வந்தது. எல்லா நாளும் அப்படி இல்லை. குளிர் காற்று அடிக்கும் மாதங்களில் பழையபடி பாதியிலேயே பிடித்துக்கொள்ளும். இடது காலிலும் அடைப்பு தொடங்கியிருக்கிறது என்று அடுத்த பரிசோதனையில் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கை கொடுக்க விட்டார்.

அப்புறம் என் கணவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நான் மேலகரத்தைக் காலி செய்துகொண்டு வடக்கே வந்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரம், ஏட்டம்மா என்னைத் தென்காசிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கோயிலுக்கென்று தடித்த காலுறை வைத்திருந்தார். எப்போது போனாலும் கல் சூடு ஆறிய பிறகுதான் போவோம். திரும்பும்போது நான் அவர் உள்ளங்காலில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவர் காட்ட வேண்டும், அது எங்களுக்குள் ஏற்பாடு.

கோபுர வாசலில் காற்று சேலையைப் பிடுங்கியது. தாண்டி உள்ளே போய்ப் பிரகாரத்தில் சுற்ற ஆரம்பித்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் போய்க்கொண்டிருந்தார். ஏட்டம்மா வயசிருக்கும். பட்டுச்சேலை, வைரத்தோடு, கூட யாரும் இல்லை. கொஞ்ச தூரம் நடப்பார், தூணருகே நின்று, கண்ணை மூடிக் கைகூப்பிக் கும்பிடுவார். மறுபடி நடப்பார், அடுத்து ஒரு தூண், கும்பிடுவார்.

"என்ன பக்தி பாருங்க" என்றேன்.

ஏட்டம்மா அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் மூன்றாவது முறை நின்றதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தத் தூணப் பாருட்டி."

பார்த்தேன். வெறும் தூண். சிற்பம் இல்லை, விளக்கு இல்லை, ஒரு குங்குமப் பொட்டுகூட இல்லை.

"அங்கன சாமியே இல்ல," என்றார் ஏட்டம்மா.

என்னை அங்கேயே விட்டுவிட்டு மெதுவாக நடந்துபோனார். அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நின்று தானும் தூணைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கையை எடுக்காமல், தலையை மட்டும் அந்த அம்மாள் பக்கம் சாய்த்து, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் கேட்டார்.

"எந்தக் காலு?"

அந்த அம்மாள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அந்தக் காலுறைகளைப் பார்த்தார். கும்பிட்ட கை தானாகக் கீழே இறங்கியது.

"ரெண்டும்" என்றார்.